கூரையும் பக்கத்து வீடும்

அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், ஷாதிபூர் என்ற பகுதி இருக்கிறது. கைதிகளுக்கு அங்கே கல்யாணம் ('ஷாதி') செய்துவைத்ததால் வந்த பெயர் என்பார்கள். பெயர்க்கதை எப்படியோ, 1858இல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்தில் நன்னடத்தைக் கைதிகள் மணம் முடிக்க ஆங்கிலேய அரசு இடம்கொடுத்தது உண்மை. இரக்கம் ஒன்றுமில்லை, குடும்பம் இல்லாதவன் அந்த மண்ணில் ஊன்றமாட்டான் என்ற கணக்குதான். சிறை அதிகாரிக்குப் புரிந்த இந்தக் கணக்கு மறுவாழ்வுத் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள், இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களில் 5.2 சதவீதம் பேரிடமும் இடம்பெயராதவர்களில் 2.8 சதவீதம் பேரிடமும் மனநலப் பாதிப்பைக் கண்டார்கள். இடம்பெயர்ந்தவர்கள் இழந்ததும் அதிகம்தானே என்று கேட்கலாம். நியாயம், வித்தியாசம் முழுவதையும் முகாமின் மேல் போட முடியாது. ஆனால் இரண்டு எண்களுமே சிறியவை என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தனை சாவுக்குப் பிறகும் பெரும்பாலோர் நோயாளியாகவில்லை. கூட்டுக் குடும்பமும் வழிபாடும் தாங்கிப் பிடித்தன என்பது அந்த மருத்துவர்களின் கணிப்பு. அப்படியானால் எல்லோருக்கும் ஆலோசகரை அனுப்புவதைவிட, ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பதைப் பிரிக்காமல் இருப்பதே முதல் மருத்துவம்.

நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளான நிக்கோபாரிகளிடம் நடந்தது அதற்கு நேர்மாறு. தென்னந்தோப்பும் பன்றியும் அவர்களுக்குத் 'துஹெத்' என்ற பெருங்குடும்பத்தின் பொதுச்சொத்து. தகரக் கொட்டகையும் நிவாரணமும் பிறகு வந்த நிரந்தர வீடும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் பிரித்துத் தரப்பட்டன. அவசரத்தில் உறவுமுறை விசாரிக்க நேரமேது என்பது அதிகாரிகளின் பதிலாக இருக்கலாம். முதல் வாரத்துக்கு அது சரி. நிரந்தர வீடு கட்டப் பல ஆண்டுகள் ஆயின. யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று கேட்க அதற்குள் நேரம் இருந்தது.

குடும்பங்கள் இப்படிப் பிரிக்கப்படுவது தமிழருக்கும் புதிதல்ல. சுனாமி சூறையாடிய நிக்கோபாரின் கச்சால் தீவில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் 48 குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டிருந்தன. அவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் தலைகளைத்தான் எண்ணியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மற்றொன்றிலும் விழுந்த வீடுகள் மலையகத்தில் ஏராளம்.