ஜீனோவுக்கு மட்டும் பூட்டு இல்லை

அப்பா என்று எழுத வேண்டிய இடத்தில் அம்மா என்று எழுதுவோம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அதுதான் ரகசிய எழுத்து. மெய் பதினெட்டையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்ததைப் போட வேண்டும். க வந்தால் ங, ச வந்தால் ஞ, ப வந்தால் ம. கடைசியில் நிற்கும் ன வந்தால் மறுபடி க. உயிர் எழுத்தைத் தொடக் கூடாது. காலும் கொம்பும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த அண்ணன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தார். ரோமாபுரி சீசர் தன் கடிதங்களை மூன்று எழுத்து தள்ளி எழுதினார், நமக்கு ஒன்று போதும் என்றார்.

அப்போது தூர்தர்ஷனில் 'என் இனிய இயந்திரா' ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் கதை. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். யாருக்கும் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ. கூடவே பேசுகிற, புத்தகம் படிக்கிற இயந்திர நாய் ஜீனோ. அதை எழுதியவரும் இதே எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்று அண்ணன் சொன்ன அன்று எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அதன் மதில் ஓரமாக எத்தனையோ முறை போயிருக்கிறோம்.

நாங்களும் இரண்டெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டோம். எனக்குச் சிபி. சீட்டில் அது 'ஞிமி' ஆகும். நிலா 'பிவா', ரவி 'லழி'. எங்களில் பொடியன் ஒருவனுக்குத்தான் ஜீனோ.

சிக்கல் அவனால்தான் வந்தது. ஜ என்ற எழுத்து பதினெட்டில் இல்லை. கிரந்த எழுத்து, அதைத் தள்ளிப் போட அடுத்த வீடு கிடையாது. அதனால் ஜீனோ என்பதை மட்டும் அப்படியே எழுதினோம். "பாறை யாணிரிவ் ஜீனோ" என்று ஒரு சீட்டு அடுத்த தெருக்காரர்கள் கையில் சிக்கியது. மூன்றே நாளில் உடைத்துவிட்டார்கள். ஜீனோ என்பது பெயர் என்று தெரிந்ததும் மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். 'யாணிரிவ்' என்று வகர ஒற்றில் முடிகிற சொல் ஏது? அந்த 'ரிவ்' எதுவாக இருக்கும்? 'யில்'! ய்க்கு ர், ல்லுக்கு வ் என்று பிடிபட்டதும் மற்றது தானாக வந்துவிட்டது. நாளை மாடியில் ஜீனோ.

தோற்ற வருத்தத்தைவிட அன்று எனக்கு வந்த வியப்பு பெரிது. சொல்லுக்கு முதலில் வராத எழுத்து, ஈற்றில் வராத எழுத்து என்று தமிழ் வகுப்பில் நெட்டுருப் போட்டேனே, அது பூட்டைத் திறக்கிற சாவி என்று யாரும் சொல்லவில்லையே! 'லழி' என்று ஒரு சொல் லகரத்தில் தொடங்கினாலே சந்தேகப்பட வேண்டும். நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு துப்பறியலாம். மொத்தமே 17 சாவிதான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஊர்ப் பெயருக்கும் இதில் பங்கு உண்டு. பாரதத்தில் பாண்டவர்கள் அஸ்தினாபுரத்தை விட்டு வாரணாவதத்துக்குப் புறப்படும்போது, அரக்கு மாளிகை ஆபத்தை விதுரர் தருமருக்கு மட்டும் விளங்குகிற மறைபேச்சில்தான் சொல்கிறார். பொந்துக்குள் இருப்பதைக் காட்டுத் தீ எரிக்காது என்கிறார். சுற்றி நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. பொருள் ஒருவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தருமர் சுரங்கம் வழியே தப்பினார்.

கதை நடக்கிற காலமாக சுஜாதா குறித்த 2021 வந்தது. அந்த நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. அஸ்தினாபுரமும் அதற்குள் வந்தது. முட்செடி மண்டிக் கிடந்த மனைகளில் அடுக்ககங்கள். டிவி ஆண்டெனாவைத் திருப்ப நாங்கள் ஏறிய மாடியில் இப்போது சோலார் தகடு. காய்கறி வண்டியில் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, கேஸ் சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்கிறார். ரகசிய எழுத்து இல்லாமல் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியாது.

ஆனால் இந்தப் பூட்டை நாம் செய்யவில்லை, திறந்து பார்க்கவும் முடியாது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்தி எல்லாமே பூட்டித்தான் போகிறது. அதற்கான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். எங்கள் 17 எங்கே! பாதுகாப்பு என்று பார்த்தால் இன்றையதுதான் உயர்ந்தது, மறுப்பே இல்லை. என் பணமும் பேச்சும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

நான் ஏங்குவது அந்த ஒரு வாரத்துக்குத்தான். ஒரு பகுதி முடிந்தால் அடுத்ததற்கு ஏழு நாள். அந்த ஏழு நாளும் ஜீவா யார், எங்கே இருக்கிறான் என்று கிணற்றடியில் சண்டை போடுவோம். கதையின் பாதியை நாங்களே கட்டினோம். என் தங்கை மகள் ஒரு தொடரின் எட்டுப் பகுதியையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிறாள். 'கிராவிட்டி ஃபால்ஸ்' கார்ட்டூனில் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரு சங்கேத வரி வரும், முதல் சில பகுதிகளில் சீசர் முறையேதான். அவள் யோசிக்கத் தொடங்குமுன் யூடியூப் விடையைக் காட்டிவிடுகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவள் கையில் புதிர் தனியாக வருவதே இல்லை, விடையையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

போன மாதம் அந்தப் பழைய முறையை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அப்பா அம்மாவானதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பென்சிலை வாங்கி வெகுநேரம் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை என் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு சீட்டு. "அய்யா ளவழை. ளா ராரா."

ஒன்று தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. ளகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது மட்டும் தெரிந்தது. கால் மணி நேரம் வாசல் படியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இரண்டு தள்ளியிருக்கிறாள்.

அப்பா வரலை. வா மாமா.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.