"மெமரி போதவில்லை!" – கல்யாணப் பத்திரிகையை நிறுத்திய கம்ப்யூட்டர்

ஆவணி முகூர்த்தம் நெருங்கிய நேரம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரவு 9 மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, காலையிலே 300 கல்யாணப் பத்திரிகை கொடுக்கணும். கம்ப்யூட்டர் நாலு தடவை நின்னுபோச்சு. அடிச்சதெல்லாம் போச்சு" என்றார்.

பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். நடுவில் பெரிய போட்டோ. போட்டோவைத் திறந்ததும் மெமரி போதவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. அடுத்த நிமிடம் புரோகிராம் தானாக மூடிக்கொள்கிறது.

மாலையிலேயே மெஷினை எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அங்கே ஒரு கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, புது மெஷின் வாங்குங்கள்" என்று 28 ஆயிரம் ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போட்ட சீட்டை எடுத்தால்தான் அந்தப் பணம் புரளும்.

நான் ரயில்வேயில் கிளார்க். படிப்பு மெட்ரிக்கோடு சரி. ஆனாலும் ஆபீசில் தினமும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவன். "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பினேன்.

மேஜையும் ரெக்கார்டு ரூமும்

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ராம் என்கிற மெமரிதான் உங்கள் மேஜை. ஹார்டு டிஸ்க் ரெக்கார்டு ரூம். மேஜையில் பைல்கள் நிறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இப்போது தேவைப்படாததை ரெக்கார்டு ரூமில் ஒரு ரேக்குக்கு அனுப்பிவிட்டு, வேண்டியதை எடுத்து வரச் சொல்வீர்கள். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. டிஸ்கில் இதற்கென்று ஒதுக்கிய ரேக்குக்கு விண்டோசில் பேஜிங் ஃபைல் என்று பெயர். இப்படி மேஜையைப் பெரிதாகக் காட்டும் ஏற்பாடே விர்ச்சுவல் மெமரி.

இது நேற்று வந்த சரக்கு அல்ல. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அமைத்த அட்லஸ் கம்ப்யூட்டரில் முதலில் வந்தது. 1977-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி வேக்ஸ் என்ற மெஷினை வெளியிட்டது. அதை இயக்கிய மென்பொருளின் பெயரே வி.எம்.எஸ்., அதாவது விர்ச்சுவல் மெமரி சிஸ்டம். நம் ரயில்வேயின் 'கான்சர்ட்' ரிசர்வேஷன் முறை 1990-களில் ஓடத் தொடங்கியதும் அந்த வி.எம்.எஸ். மீதுதான். தீபாவளிக்கு ஊர் போக கவுன்டரில் வரிசையில் நின்ற நம்மவர்கள் பெயரெல்லாம் அதற்குள் போய் வந்தவைதான்!

அகப்பட்டது கோளாறு

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. அங்கே 'கமிட்டெட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், புரோகிராம்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. இரண்டாவது, மேஜையும் ரேக்கும் சேர்ந்த மொத்த இடம். நண்பர் போட்டோவைத் திறந்ததும் முதல் எண் கிடுகிடுவென்று ஏறி இரண்டாவதை முட்டியது. மெஷினில் ராம் 4 ஜி.பி. பேஜிங் ஃபைலோ வெறும் 512 எம்.பி.! மெஷின் வேகமாக ஓடும் என்று யாரோ எப்போதோ அதைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு சி டிரைவிலும் இடமில்லை.

பழைய போட்டோக்களை வேறு டிரைவுக்கு மாற்றினோம். சிஸ்டம் பிராப்பர்டீசில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி என்று உள்ளே போய், பேஜிங் ஃபைல் அளவை விண்டோசே பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் கட்டத்தில் டிக் போட்டோம். மெஷினை அணைத்துப் போட்டோம். அவ்வளவுதான். போட்டோ திறந்தது, மூடிக்கொள்ளவில்லை. செலவு இரண்டு டீ.

ஆனால் ஆமை வேகம். ராமைவிட டிஸ்க் பல மடங்கு மெதுவானது. பியூன் ரெக்கார்டு ரூமுக்கும் மேஜைக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் பைலில் கையெழுத்துப் போடுவது எப்போது? வேலையைவிட இந்த ஓட்டமே பெரிதாகிவிடும் நிலையைப் பற்றி பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்கர் 1968-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். இதற்கு ராம் கூட்டுவதுதான் வழி. நண்பரும் பின்னால் இன்னொரு 4 ஜி.பி. போட்டார். 28 ஆயிரத்தில் அது சிறு பகுதிதான்.

எல்லாம் ஒரே நோய் அல்ல

இதைப் படித்துவிட்டு எல்லாக் கோளாறுக்கும் பேஜிங் ஃபைலைப் பெரிதாக்கினால் ஆபத்து. நீலத் திரையில் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று வந்தால், ரேக்கில் வைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை என்று பொருள். ரெக்கார்டு ரூமையே கரையான் அரிக்கிறது! பெரும்பாலும் டிஸ்க் அல்லது அதன் கேபிள் கெட்டிருக்கும், ராமும் காரணமாகலாம். அப்போது செட்டிங்கைத் தொடாதீர்கள். முதல் வேலையாக வாடிக்கையாளர் பைல்களை பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பழைய 32 பிட் புரோகிராம்களின் கதை வேறு. பேஜ்மேக்கர் இந்த வகை. விண்டோசில் இப்படிப்பட்ட ஒரு புரோகிராமுக்குச் சாதாரணமாக 2 ஜி.பி.க்கு மேல் இடம் கிடையாது. மெஷினில் 16 ஜி.பி. இருந்தாலும் இதே கதிதான். பெரிய வேலையைப் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

சில சமயம் மெஷின் மீது குற்றமே இருக்காது. 2024 ஜூலை 19-ந் தேதி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெங்களூர் விமான நிலையமும் தப்பவில்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த புதுப்பிப்பில் பிழை. மெமரியில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. அன்றைக்கு ராம் கூட்டியவருக்குப் பணம்தான் நஷ்டமாகியிருக்கும்.

ஆகவே எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் திரையில் வந்த வரியை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் 2004 என்ற எண்ணோடு, ரிசோர்ஸ் எக்சாஸ்ஷன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விர்ச்சுவல் மெமரி தட்டுப்பாடு. அதிகமாக விழுங்கிய புரோகிராம்களின் பெயரும் அதிலேயே இருக்கும். எப்போதும் ஒரே பெயர் வந்தால் அந்த புரோகிராமில் ஓட்டை இருக்கலாம்.

நண்பர் இரவு 2 மணிக்குத்தான் அச்சடித்து முடித்தார். அந்த 28 ஆயிரம் ரூபாய்ச் சீட்டின் பின்பக்கத்தில் இந்த 2004-ஐ எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.