சுறாவைத் தேடும் முன் படகைப் பாருங்கள்

2019 செப்டம்பர் 2, அதிகாலை மூன்று மணி கடந்த நேரம். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவை ஒட்டி நங்கூரம் போட்டு நின்ற ‘கன்செப்ஷன்’ என்ற டைவிங் படகின் அடித்தளத்தில் 34 பேர் அடுக்குக் கட்டில்களில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறி வர இரண்டு வழிகள் இருந்தன. முன்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்பக்கம் ஒரு மேல்கட்டிலின் தலைக்கு மேலே, கூரையில் ஒரு சிறிய திறப்பு. கட்டிலில் ஏறிப் படுத்தவாக்கில் உடம்பை நெளித்துத்தான் அதற்குள் நுழைய முடியும். இரண்டு வழிகளுமே போய்ச் சேர்ந்தது ஒரே சாப்பாட்டுக் கூடத்தில். அன்று தீப்பிடித்து எரிந்ததும் அதே கூடம்தான். அந்த 34 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மேல்தளத்தில் இருந்த கேப்டன் உட்பட ஊழியர் ஐந்து பேர் தப்பினார்கள். தீ பிடித்தபோது அவர்களும் உறக்கத்தில்தான் இருந்தார்கள். இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து படகைச் சுற்றி வரவேண்டும் என்பது அந்தப் படகின் உரிமத்திலேயே இருந்த நிபந்தனை. கேப்டனுக்கு எதிராக 2023-இல் குற்றம் நிரூபணமாகி, 2024-இல் நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தீ எதனால் பிடித்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. அந்தக் கூடத்தில் கேமரா, டார்ச், செல்போன் பேட்டரிகள் சார்ஜில் கிடந்தன என்பது மட்டும் தெரியும்.

ஒரு வாரம் படகிலேயே தங்கி, சாப்பிட்டு, உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை கடலுக்குள் இறங்கும் இந்தப் பயணத்துக்கு லிவ்அபோர்ட் என்று பெயர். மாலத்தீவில் இதையே சஃபாரி என்பார்கள். போக நினைப்பவர் முதலில் கேட்பது, ‘எந்த ரூட்டில் சுறா அதிகம்?’ என்றுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதன் பதிலுக்குள் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சுறாக் கூட்டம் அமைதியான குளத்தில் நிற்பதில்லை. நீரோட்டம் இழுக்கும் இடத்தில், ஆழம் சட்டென்று விழும் விளிம்பில், கரையை விட்டு வெகுதூரத்தில்தான் அது கூடுகிறது. ஆகவே நல்ல சுறா ரூட் என்றால் வலுவான நீரோட்டம் உள்ள ரூட் என்று பொருள். ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கும் ரூட் என்றும் பொருள். பயப்பட வேண்டியது பல்லுக்கு அல்ல.

செங்கடலை எடுத்துக்கொள்வோம். எகிப்தின் பிரதர்ஸ் தீவுகள், டீடலஸ், எல்ஃபின்ஸ்டோன் ஆகிய மூன்றையும் இணைக்கும் வழித்தடம் உலக டைவர்களிடையே பிரபலம். கோடையில் டீடலஸில் கொம்பன் சுறாக்கள் கூட்டமாக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, படகின் அடியிலேயே வட்டமிடும் வெள்ளைமுனைப் பெருங்கடல் சுறாவைப் பார்க்கலாம். அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது. மனிதரிடம் கூச்சமே இல்லாமல் நெருங்கி வரும். அதனாலேயே அங்கே சுறாவுக்கு இரை போடத் தடை இருக்கிறது. சமையல் கழிவைக் கடலில் கொட்டும் படகை நம்பக் கூடாது. இந்த வழித்தடத்தில் சேர, பதிவேட்டில் குறைந்தது 50 டைவ் இருக்க வேண்டும் என்பது விதி. ‘முப்பது இருந்தாலும் பரவாயில்லை, சமாளிக்கலாம்’ என்று ஒரு முகவர் சொன்னால் அது சலுகை அன்று, அவருக்கு மற்ற விதிகளும் அப்படித்தான் என்பதற்கான அறிகுறி.

அதே கடலில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் ‘கார்ல்டன் குயீன்’ கவிழ்ந்தது. அதிர்ஷ்டவசமாக எல்லோரும் மீட்கப்பட்டார்கள். ஜூனில் எல்ஃபின்ஸ்டோன் அருகே ‘ஹரிக்கேன்’ எரிந்து பிரிட்டன் பயணிகள் மூவர் இறந்தார்கள். 2024 நவம்பர் 25 விடியும் முன்பு ‘சீ ஸ்டோரி’ கவிழ்ந்தது. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. 35 பேர் மீட்கப்பட்டார்கள், 11 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கவிழ்ந்து மிதந்த படகின் அறைகளுக்குள் இருட்டில், ஒன்றரை நாள்போல் உள்ளே அடைபட்டிருந்த காற்றை நம்பிக் காத்திருந்த சிலரும் மீட்கப்பட்டவர்களில் உண்டு. இந்த மூன்று விபத்துகளையும் சேர்த்து வைத்து பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2025-இல் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது.

இந்தப் பட்டியலில் சுறா எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சுறாவால் மரணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2017 நவம்பரில் கோஸ்டாரிகாவின் கோக்கோஸ் தீவில் ஒரு புலிச்சுறா அமெரிக்கப் பெண் டைவர் ஒருவரைக் கடித்துக் கொன்றது. அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து படகில் சுமார் 36 மணி நேரம். கொம்பன் சுறாக்களின் சொர்க்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெரிய காயம் என்றாலும், ‘பெண்ட்ஸ்’ என்கிற அழுத்த நீக்க நோய் வந்தாலும் அந்த 36 மணி நேரமும் கணக்கில் சேரும். பத்து டைவ் முடித்த கையோடு அங்கே போக நினைப்பது, ஓட்டுநர் உரிமம் வாங்கிய மறுநாள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டப் புறப்படுவது மாதிரி.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு மாலத்தீவே இயல்பான தொடக்கம். 2010-இல் அந்நாட்டுக் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பது தடை செய்யப்பட்டது. இன்று அங்கே சுறா சாதாரணமாகத் தென்படுவதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு. சஃபாரி படகுக்குத் துணையாக, சிலிண்டர்களையும் காற்று நிரப்பும் கம்ப்ரசரையும் சுமந்து வரும் சிறு படகை அவர்கள் ‘தோனி’ என்கிறார்கள். காதில் விழும்போது நம் தோணிதான். கம்ப்ரசரின் இரைச்சலும் புகையும் உறங்கும் படகில் இல்லாமல் தோனியில் இருப்பது நல்ல ஏற்பாடு.

அங்கே பருவம்தான் திசையைத் தீர்மானிக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் நீரோட்டம் கிழக்கிலிருந்து பவளத்தீவு வளையங்களுக்குள் பாயும். அப்போது கிழக்கு வாய்க்கால்களில் தண்ணீர் தெளிந்திருக்கும். சாம்பல் சுறாக்கள் அந்த வாய்களில் அணிவகுத்து நிற்கும். மேற்குப் பக்கம் வெளியேறும் கலங்கல் நீரில் மிதவை உயிரிகள் மிகுதி, அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் வரும். தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ். ஆகஸ்ட் மாதத்துப் பயணத்துக்குப் பிப்ரவரிப் படங்களைக் காட்டி விற்பவர்கள் உண்டு. பா வளையத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் சிலிண்டரோடு இறங்கவே அனுமதி இல்லை, மேற்பரப்பில் நீந்திப் பார்க்கலாம். அங்கே ‘டைவ்’ உண்டு என்று விளம்பரத்தில் இருந்தால் அந்த விளம்பரத்தை மடித்து வைத்துவிடலாம். தெற்கு ஆரியில், நம் மீனவர்கள் அம்மணி உழுவை என்று அழைக்கும் திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுவதும் பார்க்க வாய்ப்புண்டு.

பவளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1998-இன் வெப்ப அலையில் மாலத்தீவின் ஆழமற்ற பவளங்களில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. 2016-இலும் அடி விழுந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு அறிவிக்கப்பட்டது. வண்ணப் படத்தைப் பார்த்ததும், ‘இது எந்த ஆண்டு எடுத்தது?’ என்று கேட்பது குறும்பு அல்ல, வாடிக்கையாளரின் உரிமை. கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். மாலத்தீவிலிருந்து அதை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. நம் நாட்டிலும் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் வருகின்றன.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சுறா கீழே தெரிகிறது என்று வழிகாட்டி 38-க்கு இழுத்துப் போனால் மறுக்கலாம். எந்த டைவையும், எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள எந்த டைவருக்கும் உரிமை உண்டு என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கியவர்கள் பற்றிய கதைகள் இனிமையாக முடிவதில்லை. விதிமீறிய ஆழத்தில் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அது நல்ல சாக்கு.

காப்பீடு என்றதும், விமான டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பயணப் பாலிசியை நினைத்து நிம்மதி அடைய வேண்டாம். சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும். ஸ்கூபாவைப் பெயர் சொல்லி ஏற்கிறதா, எத்தனை மீட்டர் வரை, உயரழுத்த அறைச் சிகிச்சையும் அவசர இடமாற்றமும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாலத்தீவில் அப்படி ஒரு சிகிச்சை அறை தலைநகர் மாலேக்கு அருகே பண்டோஸ் தீவில் இருக்கிறது. தென்கோடி ரூட் போகிறவர் தன் படகிலிருந்து அருகிலுள்ள அறை எவ்வளவு தூரம் என்று கேட்டே ஆகவேண்டும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவையோ இதய மருந்தையோ மறைத்தால் பின்னால் அந்தக் கையெழுத்தே எதிர்சாட்சி. பல நாள் டைவ் அடித்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

பணத் தகராறு வந்தால்? சுறா வரவில்லை என்று யார் மீதும் வழக்குப் போட முடியாது. வானிலையால் கேப்டன் பாதையை மாற்றினால் அது அவர் கடமை, அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பயணத்தையே ரத்து செய்தது, சொன்ன படகுக்குப் பதில் வேறு பழைய படகில் ஏற்றியது, வாக்களித்த வசதியைத் தராதது ஆகியவை சேவைக் குறைபாடு. இந்திய முகவர் மூலம் பதிவு செய்திருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. புகாருக்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற நியாயமற்ற ஒப்பந்த வாசகத்தை எதிர்க்க மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும்.

வெளிநாட்டு இணையதளத்தில் நேரடியாகப் பணம் கட்டியவர் நிலை கடினம். அப்போது கைகொடுப்பது கடன் அட்டை. சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் காலதாமதமின்றி முறையிட்டால் பணம் திரும்ப வழி இருக்கிறது. தனிநபர் கணக்குக்குப் பணத்தை நேரே அனுப்பியவருக்கு அந்த வழியும் அடைபடும். விளம்பரப் பக்கம், பயணத்திட்டம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படம்பிடித்து வைத்திருங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் படகுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரவில் விழித்திருப்பவர் யார்? கீழ் அறையிலிருந்து வெளியேற, வெவ்வேறு இடத்தில் திறக்கும் இரண்டு வழிகள் உண்டா? பேட்டரி சார்ஜ் எங்கே, யார் கண்காணிப்பில்? கடைசியாக எப்போது உயிர்காப்புப் படகுகளைச் சோதித்தார்கள்? நீரோட்டத்தில் தொலைந்தால் மேலே நீட்டிக் காட்ட ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சு நிறச் ‘சாசேஜ்’ மிதவை தருவார்களா? ஒழுங்கான படகுக்காரர் ஒரே நாளில் பதில் எழுதுவார். ‘கவலைப்படாதீர்கள் சார், இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்று மட்டும் பதில் வந்தால், வேறு படகு தேடுங்கள்.