பற்காப்புத் தகடு

பற்காப்புத் தகடு என்பது உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்போரின் பற்கள் தேயாமல் இருக்கவும், தாடை மூட்டு வலியைத் தணிக்கவும் அணியப்படும் கழற்றக்கூடிய கருவி ஆகும். இது பற்களைக் காக்குமேயன்றிக் கடிக்கும் பழக்கத்தை நீக்காது.

வகைகள்

கடினத் தகடு: அக்ரிலிக்கால் ஆனது. ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும், நீண்டகாலம் உழைக்கும்.

மென் தகடு: விலை குறைவு, விரைவில் தேயும். சிலருக்குக் கடிப்பை மிகுவிக்கக்கூடும்.

முன்பல் தகடு: முன்பற்களை மட்டும் மூடும். நெடுநாள் அணிந்தால் பற்களின் கடியமைப்பு மாறலாம்.

தெரிவு

மருத்துவர் அச்செடுத்துச் செய்யும் தகடே நன்கு பொருந்தும். உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளோர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். மேல்தாடைத் தகடு சிலருக்கு அதனை அதிகரிக்கலாம். வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர்களைக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், 2023 ஆம் ஆண்டு அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.