சேமலாப நிதியில் உறங்கும் பணம்

கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் சில ஆண்டுகள் கணக்கெழுதியபின் வேறு தொழிலுக்குச் சென்றவர், ஆங்கே தம் பெயரில் சேர்ந்த பணத்தை மறந்துவிடுதல் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் நிறுவிய ஊழியர் சேமலாப நிதியையே குறிப்பிடுகின்றேன். இன்று ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், அதற்கு மேலாக முதலாளி 12 வீதமும் செலுத்தல் வேண்டும். நிதி மத்திய வங்கியின் பொறுப்பில் உள்ளது.

தொழில்தருநர் மாறினால் அங்கத்தவர் இலக்கமும் மாறும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. மூன்று இடங்களில் உழைத்தவருக்கு மூன்று கணக்குகள். ஓரிடத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருக்கும். மற்றோரிடத்தில் ஆங்கில எழுத்து வேறுபட்டிருக்கும். ஆகையால், நேயர்களே, பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். தொழில்தருநர் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் கிடைத்தால் தேடுதல் எளிது. கடை மூடப்பட்டிருப்பினும் தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம்.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெறலாம். மணமாகித் தொழிலை விட்ட பெண் அதற்கு முன்னரும் கோரலாம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளி 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. அதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.