சித்திரப்பட்டைப் பைனும் சிறுதொட்டியும்

மூணாறு, வாகமண் குன்றுகளுக்குச் சென்று மீளும் நம்மவர் சிலர், பைன் கன்றொன்றை வாங்கிக்கொண்டு பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்குவதுண்டு. சில திங்களில் அதன் ஊசியிலைகள் பழுத்து உதிரக் காண்கின்றோம். கன்றின்மீது குற்றமில்லை, அதன் இயல்பை நாம் அறியாததே காரணம்.

பைன் தென்னாட்டு மரமன்று. தீபகற்ப இந்தியாவில் அது இயற்கையாக விளைவதில்லை. வாகமண்ணிலும் கொடைக்கானலிலும் நாம் வியந்து நோக்கும் பைன் தோப்புகள் மனிதர் நட்டு வளர்த்தவையே.

போன்சாய்க் கலைஞர் பைனில் பெரிதும் விரும்புவது அதன் பட்டையை. ஜப்பானியக் கரும்பைனில் 'நிஷிகி' என்றொரு வகை உண்டு. பூவேலைப் பட்டு என்பது அச்சொல்லின் பொருள். அதன் தக்கைப் பட்டை இறகுகள்போலப் புடைத்து நிற்கும். விதையில் இப்பண்பு தவறாது வருமென்று நம்பவியலாது. ஆகவே சாதாரணக் கரும்பைனில் ஒட்டுக் கட்டியே அதனைப் பெருக்குகின்றனர்.

வடநாட்டில் வாழும் தமிழர்க்கு எளிதில் வாய்ப்பது சீர் பைன். இமயச் சரிவில் ஏறத்தாழ 500 முதல் 2,000 மீட்டர் உயரம் வரை வளர்வதால், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். காட்டுத் தீயினின்றும் மரத்தைக் காப்பது அதன் தடித்து வெடித்த பட்டையே. காட்டில் கன்றைப் பிடுங்கலாகாது. நாற்றுப் பண்ணையில் வாங்குக.

பருமணலும் செங்கல் துண்டும் மிகுதியாகவும், இலைமட்கு சிறிதாகவும் கலந்த மண் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். இடுக்கியின் தென்மேற்குப் பருவமழையில், ஒளி குன்றாத கூரையின்கீழ்த் தொட்டியை வைத்தல் நலம். மற்றக் காலங்களில் நல்ல வெயில் இன்றியமையாதது. தொட்டி மாற்றுகையில் வேர்மண்ணை முற்றும் கழுவிவிடலாகாது. வேரோடு கூடி வாழும் நற்பூஞ்சை அதில் உள்ளது. கிளையை வெட்டும்போது அதில் சில ஊசியிலைகளேனும் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையேல் அக்கிளை பட்டுப்போகக் கூடும். வளைக்கச் சுற்றிய கம்பியை, அது பட்டையில் அழுந்துமுன் அகற்றுக. பட்டை முதிரப் பல்லாண்டு வேண்டும். அது பெயர்ந்து விழ ஒரு கணம் போதும்.

பாலக்காட்டின் வெப்பத்தில் வாழ்வோர் பைனுக்காக வருந்த வேண்டுவதில்லை. ஆலும் இச்சியும் அங்கே தொட்டியில் செழித்து வளரும். ஊரின் வெயிலையும் மழையையும் அறிந்து மரத்தைத் தேர்வதே இக்கலையின் முதற்பாடம்.