பேரும் கொழுந்தும் ஒரு சமன்பாடும்

நுவரெலியா, ஹட்டன் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர் எழுதப்படுவதும் உண்டு. மிகுந்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் மேலதிகக் காசு. நாட்கூலி 1,000 ரூபா என 2021 மார்ச்சு மாதத்தில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது உயர்ந்தது. சொன்ன கூலி கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அட்சரகணிதம் கொண்டு ஆராயலாம்.

அவ்வாண்டுக்குரியதாக ஒரு கணக்கைக் கற்பனை செய்துகொள்க. மேலதிகக் கிலோவுக்கு 40 ரூபா என்று சொல்லப்பட்டிருக்கிறது. கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு முதல் மாதத்தில் 20 பேர். மேலதிகம் 50 கிலோ. பிடித்தம் 2,000 ரூபா போகக் கைக்கு வந்தது 19,750. நாட்கூலியை 'ந' என்றும் கிலோக் காசைக் 'க' என்றும் கொண்டால்,

20ந + 50க − 2,000 = 19,750.

அடுத்த மாதம் 17½ பேர், 100 கிலோ. பிடித்தத்துக்கு முந்திய மொத்தம் 21,000. இதை அவள் மகன் வேறு விதமாக எழுதி வைக்கிறான்:

17½ந = 21,000 − 100க.

இரண்டும் பிழையற்றவையே. ஆயினும் ஒன்று ஒருபுறமும் மற்றொன்று மறுபுறமும் முகம் திருப்பி நிற்பதால் ஒப்பிட இயலவில்லை. நியம வடிவம் இதற்காகவே ஏற்பட்டது. தெரியாக் கணியங்கள் இரண்டும் ஒரே ஒழுங்கில் இடப்புறம் நிற்கவேண்டும், தெரிந்த எண் மட்டும் வலப்புறம், பின்னம் கூடாது.

முதற் சமன்பாட்டின் இருபுறமும் 2,000 கூட்டுக:

20ந + 50க = 21,750.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று மாணவர் மனனம் செய்யும் விதியின் உட்பொருள் இவ்வளவே. எண் எங்கும் தாவுவதில்லை. இருபுறமும் ஒரே செயல் நிகழ்கிறது. கழிந்ததை இவ்வாறு ஈடுசெய்வதற்கு 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் நூலில் வழங்கிய 'அல்-ஜபர்' என்னும் சொல்லே பின்னாளில் ஆங்கிலேயர் நாவில் அல்ஜீப்ரா ஆயிற்று.

இரண்டாவதன் இருபுறமும் 100க கூட்டினால் 17½ந + 100க = 21,000. அரைப் பேர் கொணர்ந்த பின்னம் இன்னும் உறுத்துகிறது, யாவற்றையும் இரட்டிக்க,

35ந + 200க = 42,000.

வலப்புறத்து எண்ணை இரட்டிக்க மறப்பவர் பலர். கணக்குக் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி வழி எளிது. முதலாவதை நான்கால் பெருக்க 80ந + 200க = 87,000. இதிலிருந்து மற்றதைக் கழிக்க 45ந = 45,000. நாட்கூலி 1,000 ரூபா, அது சரியே. அதனை முதலாவதில் இட்டால் 50க = 1,750; கிலோக் காசு 35 ரூபா. சொன்னது 40 அல்லவா? இரு மாதத்து 150 கிலோவுக்கும் 750 ரூபா குறைந்திருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் அவள் எழுப்பவேண்டியது 'சம்பளம் போதவில்லை' என்னும் பொது முறையீடன்று; 'கிலோவுக்கு ஐந்து ரூபா எங்கே?' என்னும் ஒரே கேள்வி.